குதிரைக்காரன் போயிட்டு வாறான்

வாடகைக்கு விடுகிற வீடியோ டெக்கைத் தனியாக எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது என்பது கடை முதலாளி பீர் மைதீன் அண்ணாச்சி போட்ட சட்டம். டெக் போகிற இடத்துக்கு நானும் போக வேண்டும். படம் முடிகிறவரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பும்போது இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்கு வர வேண்டும். சட்டம் சும்மா வரவில்லை. மேலகரத்தில் ஒரு வீட்டில் டெக் சூடாக இருக்கிறது என்று அதன் மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டார்கள். செங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில், கேசட் போகிற வாய்க்குள் ஒரு பிள்ளை அப்பளத்தைச் செருகிவிட்டது. பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “வாயத் தொறந்து வச்சா பிள்ள என்ன செய்யும்?” என்று என்னைத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து தென்காசி சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளின் கூடத்தை நான் பார்த்துவிட்டேன். படத்தைவிட அதைப் பார்க்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இலஞ்சியில் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி வீட்டுக்கும் அப்படிப் போனவன்தான் நான். எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாசம். சாரல் பிடித்து மூன்று வாரமாக விடவில்லை. ஐந்தருவியில் தலையைக் கொடுக்க வந்த கூட்டம் லாட்ஜுகளில் நிரம்பி வழிந்தது. லாட்ஜுக்கு லாட்ஜ் டெக் கேட்டார்கள். அந்த நெருக்கடியில்தான் அவர் கடைக்கு வந்தார். நெட்டையான ஆள், முதுகு வளையாத நடை, மீசையை ஒதுக்கி வெட்டியிருந்தார். பட்டாளத்துக்காரர் என்று சொல்லாமலே தெரிந்தது.

கடைக்கு வருகிறவர்கள் படத்தின் பெயரைச் சொல்வார்கள், அது தெரியாவிட்டால் நடித்தவர் பெயரைச் சொல்வார்கள். இவருக்கு இரண்டும் தெரியவில்லை.

“குதிரைக்காரன் படம் தம்பி. வெள்ளக்காரன்.”

“குதிரப் படம் ஏழெட்டு கிடக்கு அண்ணாச்சி. நிறைய சுடுவானா, கொஞ்சமா சுடுவானா?”

“இவன் சுடுததே ஒரு தடவதான். அதுவும் வானத்தப் பாத்து. ஒரு பொம்பள காட்டுக்குள்ள தனியா ஆடு வளத்துக்கிட்டு இருப்பா. இவன் குதிரைக்குத் தண்ணி கேட்டு வருவான். வந்தவன் கூரைய மேய்வான், கிணறு வெட்டுவான், வேலி கட்டுவான். பொறவு போயிருவான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதப் பாக்கதுக்கா ஒரு டெக்கு?” என்று வாயில் வந்துவிட்டது. பீர் மைதீன் அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பெட்டியைக் கிளற ஆரம்பித்தேன்.

பீர் மைதீன் அண்ணாச்சியின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டி ஒன்று மேல்தட்டில் கிடந்தது. பெயர் ஒட்டாத கேசட்டுகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஐந்தாவது கேசட்டில், வெடித்துக் கிடக்கிற ஒரு பொட்டல் காட்டில் ஒருவன் குதிரையை நடத்திக்கொண்டு வந்தான். சுந்தரபாண்டியன் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

“இவன்தாம்லே! இவனேதான்!”

ஆனால் படம் முழுக்கப் புழுதி பறந்தது. காட்டுப் புழுதி இல்லை, எங்கள் ஊர்ப் பூசணம். சாரல் மாசத்தில் தென்காசியில் கேசட் வைத்திருப்பதும் வெல்லக்கட்டி வைத்திருப்பதும் ஒன்றுதான். மூன்று நாள் டயம் கேட்டேன். நாற்பது வாட்ஸ் பல்பு எரிகிற மரப்பெட்டிக்குள் கேசட்டைப் போட்டு ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றி மல்மல் துணியால் துடைக்க வேண்டும். அந்த மூன்று நாளும் காலையில் பத்து மணிக்கு டாண் என்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வேறு வேலை இல்லாதவர் என்று நினைத்தேன். அதுதான் அவருடைய கஷ்டமே என்று பிறகு தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷம் பட்டாளம். மாசியில் ஓய்வு கிடைத்து ஊருக்கு வந்துவிட்டார். ஒரே மகளைச் சிவகிரியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் மனைவி குருவம்மாளும்தான். சித்தாற்று வாய்க்கால் பாய்ச்சலில் கொஞ்சம் வயல், நாலு தென்னை, இரண்டு மாடு. இந்தப் படத்தை ஜபல்பூரில் பார்த்தாராம்.

“மைதானத்துல வேட்டிய விரிச்சுக் கட்டி காட்டுவான். ஆபீசர்லாம் முன்னால நாற்காலியில. நாங்க ஜவான்லாம் துணிக்குப் பின்னால தரையில. எங்களுக்கு எல்லாம் இடம் வலமா தெரியும். அவன் இடது கையாலதான் திம்பான். மூணு வாட்டி போட்டான், மூணு வாட்டியும் பாத்தேன்.”

“அப்படி என்ன இருக்கு அதுல?”

“கடைசில அந்தப் பொம்பள ஒரு வார்த்த சொல்லுவா. அதுக்காகத்தான். வீட்டுல ஒங்க அக்கா பாக்கணும் அத.”

என்ன வார்த்தை என்று கேட்டேன். நாடாவைக் கிழித்துவிடாதே என்று பேச்சை மாற்றினார்.

மூன்றாம் நாள் தானாகவே விஷயம் வந்தது. அவருடைய பழைய கேப்டன் பம்பாயில் ஒரு பாங்கில் பெரிய இடத்தில் இருக்கிறார். வாசலில் துப்பாக்கியோடு நிற்க ஆள் வேண்டும், ஒன்றாம் தேதி வந்து சேர் என்று கடிதம் எழுதியிருக்கிறார்.

“போறியளா அண்ணாச்சி?”

“வீட்டுல போகச் சொல்லுத மாதிரிதான் தெரியுது.”

“அக்கா அப்படிச் சொன்னாங்களா?”

“சொல்லல. இட்லிப் பொடி வறுக்கா.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். லீவு முடிந்து அவர் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு குருவம்மாள் இட்லிப் பொடி வறுக்க ஆரம்பிப்பாளாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசனை வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். இந்தத் தடவை கடிதத்தை அவர் அலமாரியில் வைத்த மறுநாளே எள்ளும் உளுந்தும் வாணலியில் ஏறிவிட்டன.

“நீங்க போகலன்னு சொல்லிர வேண்டியதுதான?”

“எதுக்கு இருக்கேன்னு சொல்ல? லீவுல வருவேன்லா, அப்பம் ராசா மாதிரி வச்சிருப்பா. முதல் எலை எனக்கு. கட்டித் தயிரு எனக்கு. ரெண்டு மாசம், நல்லாத்தான் இருக்கும். இப்பம் வந்து ஆறு மாசம் ஆவுது தம்பி. இன்னும் அப்படியே வச்சிருக்கா. மம்பட்டியத் தொட்டா பிடுங்கிடுதா. மாட்டுக்கு வைக்கோல் போடப் போனா, ‘அய்ய, நீங்க இருங்க’ங்கா. வயல்ல என்ன நடக்குன்னு நம்ம வேலையாளு மாடக்கண்ணு அவகிட்டதான் சொல்லுதான், அவகிட்டதான் கேக்கான். நான் கட்டில்ல உக்காந்து ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாக்கேன். விருந்தாளின்னா ஒரு நாள் கிளம்பணும்லா?”

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரமெல்லாம் கேசட்டில் பார்த்ததுதான். அந்தக் கேசட்டுகளில் இட்லிப் பொடி வராது. நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. மற்ற எந்தக் கேசட்டையும் நான் அப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடக்கண்ணு மாட்டு வண்டியோடு கடை வாசலில் நின்றான். அவர்கள் வயலையும் வண்டியையும் பார்த்துக்கொள்கிறவன். என் வயசுதான் இருக்கும். வண்டிக்குள் வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தான்.

“டிவிப் பொட்டி அலுங்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சு.”

டிவியையும் டெக்கையும் ஸ்டெபிலைசரையும் வைக்கோலுக்குள் புதைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டினோம். நான் டிவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் நாற்று தளிர்த்து நிற்கிற வயல், தலைக்கு மேல் மலையை மூடின மேகம், முகத்தில் பூமாதிரி சாரல். வண்டி போன வேகத்துக்கு இலஞ்சி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வாசலில் காலை வைக்கும்போதே எள்ளும் மிளகாயும் வறுபடுகிற வாசனை. தும்மல் வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பார்த்தாயா என்பதுபோல ஒரு பார்வை.

குருவம்மாள் அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். கறுத்து, மெலிந்து, உறுதியான பெண். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், பாதத்தில் வயல் சேறு காய்ந்திருந்தது. விடியக்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். அண்ணாச்சி டிவியின் ஒரு பக்கத்தைத் தூக்கக் குனிந்தார்.

“நீங்க விடுங்க. மாடக்கண்ணு இருக்காம்லா. சட்டையில அழுக்காயிரும்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். நானும் மாடக்கண்ணும் தூக்கிவைத்தோம். மாடக்கண்ணு வாசல்படியில் நின்று, “யக்கா, களை எடுக்க நாளைக்கு எத்தன ஆளு சொல்ல?” என்றான். அக்கா, “ஆறு பேரு சொல்லு, வாய்க்காக்கரை வயல்லேருந்து ஆரம்பிக்கட்டும்” என்றாள். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் அதற்குள் பாயோடு வந்துவிட்டாள். குருவம்மாள் அக்காவுக்குச் சேக்காளி, நெருங்கின சிநேகிதி. அவள் இருக்கிற இடத்தில் டிவிக்கு வேறு சத்தம் வைக்க வேண்டியதில்லை. அவளோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். ஸ்டெபிலைசர் முள் ஏறி நின்றதும் கேசட்டை உள்ளே தள்ளினேன். கொஞ்சம் கோடு ஓடியது. டிராக்கிங் குமிழைத் திருப்பினேன். படம் பளிச்சென்று நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

பொட்டல் காடு வந்தது.

“இது என்ன, நம்ம திருவேங்கடம் பக்கம் மாதிரில்லா கிடக்கு?” என்றாள் தங்கபுஷ்பம். “எங்க மதினியக் கட்டிக் குடுத்த ஊரு இப்படித்தான் கிடக்கும். அமெரிக்கான்னா பச்சப்பசேல்னு இருக்கும்னு நெனச்சேன்.”

“பேசாம பாருங்க” என்றார் அண்ணாச்சி. கட்டிலை விட்டு இறங்கி டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு காதை டிவிப் பக்கம் சாய்த்து, ஆட்கள் பேசப் பேச அவர் தமிழில் சொன்னார். ஆறு மாசமாகக் கட்டிலில் இருந்த மனிதருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

“குதிரைக்குத் தண்ணி கேக்கான். அவ துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கா பாரு. யாரு என்னன்னு கேக்கா. இவன் பட்டாளத்துல இருந்தேங்கான். சண்ட முடிஞ்சிபோச்சிங்கான்.”

“ஊரு எது, யாரு மகன், ஒண்ணும் கேக்கலியே” என்றாள் குருவம்மாள் அக்கா. மடியில் சுளகு. பொடிக்கு எடுத்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

“அங்கன அதெல்லாம் கேக்க மாட்டாக.”

அந்தப் பெண் அவனுக்குத் தட்டில் ஏதோ வைத்தாள்.

“என்னது அது?”

“மொச்சப்பயறு.”

“சோறு?”

“சோறெல்லாம் கிடையாது. பயறும் கடுங்காப்பியும்தான்.”

“வீட்டுக்கு வந்த ஆளுக்கு வெறும் பயறா!” என்று தங்கபுஷ்பம் கன்னத்தில் கையை வைத்தாள். குருவம்மாள் அக்காவுக்கும் அது பொறுக்கவில்லை. எழுந்து போய், அவித்த மரச்சீனிக்கிழங்கையும் காந்தாரி மிளகாய் அரைத்ததையும் கொண்டுவந்து எல்லோருக்கும் வைத்தாள். முதல் தட்டு அண்ணாச்சிக்கு. எங்கள் வாயெல்லாம் எரிய, அவன் அங்கே கூரைக்குப் பலகை அடித்தான்.

இப்படியே போனது. அந்த ஊர்ப் பெரிய பண்ணைக்காரன் அவள் நிலத்தைக் கேட்டு ஆள் அனுப்பினான். குதிரைக்காரன் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி வைத்தான், வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். தங்கபுஷ்பத்துக்கு அது போதவில்லை. வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாமல் இருக்கிறானே, தலையில் சொட்டையோ என்று கேட்டாள். அவன் தோண்டின கிணற்றில் தண்ணீர் ஊறினபோது மட்டும் எல்லோரும் ஒன்றாக “ஆ!” என்றார்கள். அந்தப் பெண் கலங்கின தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். குருவம்மாள் அக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கு மேல் அவள் கல் பொறுக்கவில்லை.

கடைசி இடம் வந்தது. அவன் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். அவள் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றில் அவள் பாவாடை பறந்தது. பிறகு ஒரே ஒரு சொல் சொன்னாள்.

அண்ணாச்சியின் காது மடல் சிவந்துபோயிருந்தது.

“என்ன சொல்லுதா?” என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் தொண்டையைச் செருமினார். “‘இருங்க’ங்கா.”

“பின்ன? வீட்டுக்கு வந்த மனுசன் கிளம்புனா, இருங்கன்னு சொல்லாமயா? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லணும்லா. நல்ல பொம்பளதான்.”

குருவம்மாள் அக்காவும் தலையை ஆட்டினாள்.

குதிரைமேல் ஏறினவன் தொப்பியைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

“இவன் என்ன சொல்லுதான்?”

“போயிட்டு வாறேங்கான்.”

அவன் சொன்னது குட்பை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு வீட்டு வாசலில் நின்று ‘போறேன்’ என்று நம்மில் யார் சொல்வார்கள்? கோபித்துக்கொண்டு போகிறவன்கூட வாய்தவறி வாறேன் என்றுதான் சொல்லுவான். அந்தச் சொல் அவர் வாயில் தானாக வந்தது. குதிரை சின்னதாகி, புள்ளியாகி, காட்டுக்குள் கரைந்தது. அவள் படலைச் சாத்தினாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நான் கேசட்டை வெளியே எடுக்கக் கையை நீட்டினேன்.

“அடுத்த கேசட்டப் போடுங்க தம்பி” என்றாள் தங்கபுஷ்பம்.

“அவ்வளவுதான் அக்கா. படம் முடிஞ்சிட்டு.”

“அதெப்படி முடியும்? போயிட்டு வாறேன்னு சொன்னாம்லா? எங்க போனான், எப்ப வாறான், ஒண்ணும் காட்டலியே. சந்தைக்கா போயிருக்கான்? அண்ணாச்சி, ரெண்டாவது கேசட்ட கடையில விட்டுட்டு வந்துட்டியளா?”

“ரெண்டாவது கேசட்டுலாம் கிடையாது” என்றார் அண்ணாச்சி.

“அப்பம் அவன் எப்ப வருவான்?”

“வர மாட்டான்!”

சத்தம் கூடிவிட்டது. மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவன் வரவே மாட்டான். அது அப்படித்தான். போனா போனதுதான்” என்றார், கொஞ்சம் தணிந்து.

அதுவரை சும்மா இருந்த குருவம்மாள் அக்கா கேட்டாள்: “வர மாட்டான்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வெறுமன இருங்கன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கா?”

“வேற என்னட்டி சொல்லணும்?”

“‘இருங்க’ங்கது எல்லாருக்கும் சொல்லுததுல்லா. வளையல்காரருக்குச் சொல்லுதோம், தபால்காரருக்குச் சொல்லுதோம். இந்தா, டெக்கு கொண்டாந்த தம்பிக்கும் சொல்லத்தான் போறேன்.”

“எனக்கும் அதத்தான சொல்லுத” என்றார் அவர்.

ஓட்டுமேல் சாரல் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. நான் டெக்கின் வயரைப் பார்த்தேன். எந்த வீட்டிலும் எனக்கு இந்த மாதிரி நேரத்தில் எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் டெக்கை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம்.

“தம்பி” என்றாள் அக்கா. “அந்த இடத்த இன்னொரு வாட்டி போடுங்க.”

நாடாவைப் பின்னால் ஓட்டினேன். புள்ளி குதிரையாகி, குதிரை பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. அவன் இறங்கினான். யாரும் சிரிக்கவில்லை. நிறுத்தி, ஓடவிட்டேன். வேலிப் படல், காற்று, அந்த முகம், அந்தச் சொல்.

“இங்கிலீசுல என்ன சொல்லுதா?” என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை.

“‘ஸ்டே’ங்கா, அக்கா.”

“அப்படின்னா?”

அண்ணாச்சி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இருங்க என்றுதான் அர்த்தம். ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

“போகாதிய, இங்கனயே என்கூட இருந்திருங்கன்னு அர்த்தம். காப்பி குடிக்கச் சொல்லுதது இல்ல.”

“அம்புட்டும் ஒரு வார்த்தையிலயா?”

“ஒரு வார்த்தையிலதான்.”

“நம்மள்ல அப்படி ஒரு வார்த்த இல்லியே” என்றாள்.

டிவியில் அவன் மறுபடியும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். நான் நிறுத்தினேன். அக்கா நீலத் திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

“நான் சொன்னா பம்பாய்க்குப் போகாம இருப்பியளா?”

“நீதான் பொடி வறுக்கியே.”

“நீங்க கடுதாசிய அலமாரியில வச்சிய. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. போற மனுசன வெறுங்கையோடயா அனுப்ப? பொடி வறுத்தா போங்கன்னா அர்த்தம்? அங்கன போயி வாய்க்கு ருசியா ரெண்டு இட்லி திங்கட்டும்னு வறுக்கேன். ஒவ்வொரு வாட்டியும் எள்ளப் போட்டுட்டு அழுதுக்கிட்டுத்தான் வறுத்தேன். மிளகா நெடின்னு நீங்க நெனச்சிய.”

அண்ணாச்சி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருசமும் போகாதியன்னு சொல்ல முடியுமா? சர்க்கார் வேல. சொன்னா ஒங்களுக்குத்தான் கஷ்டம். அதனால சொல்லிப் பழகல. வேற ஒண்ணும் இல்ல.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “போகாண்டாம்.”

அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள். தங்கபுஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இத்தனை நாள் எந்தக் கேசட்டுக்கும் நான் அழுததில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

கேட்க வேண்டும் என்று ஏங்கின வார்த்தையைக் கேட்ட பிறகும் அண்ணாச்சி முகம் தெளியவில்லை. தரையில் விரலால் கோடு போட்டார்.

“இங்கன எனக்கு என்ன வேலட்டி இருக்கு?”

அக்காவுக்குத் தெரிந்த மரியாதை எல்லாம் அவரை உட்காரவைப்பதுதான். அதில் ஒரு குறை இருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அப்போதுதான் பின்வாசலில் மாடக்கண்ணு சொட்டச் சொட்ட வந்து நின்றான். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

“யக்கா, வாய்க்காக்கரை வயல்ல வரப்பு ஒடஞ்சிட்டு! மேல நல்ல மழ போலுக்கு, தண்ணி திபுதிபுன்னு வருது. நாத்து அரிச்சிட்டுப் போயிரும். கல்லு வச்சி அடைக்கவா, மேல மடையச் சாத்தவா? என்ன செய்ய?”

குருவம்மாள் அக்கா சட்டென்று எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே இரண்டு எட்டு வைத்துவிட்டாள். நடுக்கூடத்தில் நின்றாள். நின்றது கொஞ்ச நேரம்தான், ஆனால் அவளுக்கு அது சுலபமாக இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கால் வாசலைப் பார்த்தே இருந்தது. பிறகு திரும்பி வந்து, பழையபடி பாயில் உட்கார்ந்து, சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட என்ன கேக்க மாடக்கண்ணு? அவுக இருக்காகல்லா. அவுககிட்ட கேளு.”

மாடக்கண்ணுக்கு விளங்கவில்லை. “யாருகிட்ட?” என்றான்.

“வீட்டு ஆம்பளகிட்ட.”

அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து, ஏற்கெனவே சுத்தமாகக் கிடந்த உளுந்தில் கல் தேடினாள்.

“கல்லு அப்புறம் வைக்கலாம். முதல்ல மேல மடையச் சாத்து” என்றார் அண்ணாச்சி. என்ன குரல்! ஜபல்பூர் மைதானத்துக்கே கேட்டிருக்கும். சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டார். அக்காவின் கை ஒரு தடவை அசைந்தது. ஆனால் பிடுங்கவில்லை. அவர் மாடக்கண்ணுக்கு முன்னால் பின்வாசல் வழியாக மழைக்குள் இறங்கினார்.

பத்துப் பதினைந்து எட்டு போயிருப்பார். மழைக்கு மேலாக அவர் சத்தம் கேட்டது.

“ஏட்டி! வாய்க்காக்கரை வயல்னா எதுட்டி, தென்னைக்கு மேக்கயா கிழக்கயா?”

தங்கபுஷ்பம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

“மேக்க! மாடக்கண்ணு பின்னால போங்க! அங்கன வழுக்கும், பாத்து!” பிறகு இன்னும் சத்தமாக, “மம்பட்டிய அங்கனயே போட்டுட்டு வந்திராதிய!”

அவரை அவள் அதட்டினதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்பதாகத் தங்கபுஷ்பம் சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மிளகாய் நெடி என்று யாரும் சொல்லவில்லை.

பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் வயர்களைச் சுருட்டி, டெக்கைத் துணியில் சுற்றி, கேசட்டை உறையில் போட்டேன். வண்டி ஓட்ட வேண்டிய மாடக்கண்ணு வயலில் இருக்கிறான். எப்போது வருவானோ தெரியாது.

“இருங்க தம்பி, சாப்பிட்டுட்டுப் போலாம்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து அவளே சிரித்தாள். கூடத்தின் நடுவில் மணை போட்டு, வாழையிலை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சுடுசோறு வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது.

“அண்ணாச்சியும் வந்திரட்டுமே அக்கா. சேந்து சாப்பிடுதோம்.”

“அவுக வரதுக்கு நேரமாவும். வந்து கை கால் கழுவிட்டு, இருக்கதப் போட்டுச் சாப்பிட்டுக்கிடுவாக. நீங்க சாப்பிடுங்க.”

ஈரல் என் இலைக்கு வந்தது. கட்டித் தயிர் என் இலைக்கு வந்தது. போதும் போதும் என்றாலும் விடவில்லை. சாரலின் ஊடே தூரத்தில் அவர் மாடக்கண்ணை ஏதோ அதிகாரம் பண்ணுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கரண்டியோடு நின்று அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் விருந்தாளி நான் ஒருத்தன்தான்.